ஊலாமின் நூற்றைம்பதாவது தட்டு

ஆறுதல்விளை வேதக்கோயிலில் வருஷப்பிறப்புக் காலையில் எடுக்கிற வாக்குத்தத்தச் சீட்டு ஒருநாளும் பொய்த்ததில்லை என்று அந்த ஊரில் எல்லாரும் சாதிப்பார்கள், பொய்த்துப்போனவர்களும் சேர்ந்து. சபைப் போதகரான ஐயர் ஜெபம்பண்ணி முடித்ததும் பீடத்துக்கு முன்னால் வெள்ளைத்துணி மூடின தாம்பாளத்தில் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும், எடுத்ததை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும், வாசித்த வசனம் அந்த வருஷம் முழுவதும் அவர்களுக்குச் சொந்தம். உன் எல்லைகளை விரிவாக்குவேன் என்று எடுத்த வருஷம் சபைச் செயலாளர் தேவாசீர்வாதத்துக்கு இடுப்பு நாலு அங்குலம் விரிந்தது. உன் சத்துருக்கள் வாயடைத்துப்போவார்கள் என்று எப்சிபா எடுத்த வருஷம் அவள் மாமியாரின் பல்செட் கிணற்றில் விழுந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சீட்டுகளை எழுதுகிறவள் தவசீலி. ஐம்பத்திமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண்பார்க்க வந்த நாலு வீட்டாரும் காப்பி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், காப்பியைப் பற்றி மட்டும். செம்மண் தேரிமேட்டின் அடியில் பெரிய முற்றமும் சின்ன வீடுமாக அவள் ஒருத்தி. தொழில், பாத்திரத்தில் பேர் வெட்டுவது. டவுன் கடைவீதியில் பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வண்டுபோல் இரைகிற சின்ன மெஷினைப் பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு, கல்யாணக் குடத்துக்கும் சடங்குத் தாம்பாளத்துக்கும் நினைவுநாள் டம்ளருக்கும் பேர் வெட்டி வெட்டி, முப்பது வருஷத்தில் அந்த வட்டாரத்து அடுக்களை அத்தனையிலும் அவள் கையெழுத்து ஏறியிருந்தது. பாத்திரத்துக்குப் பேர் எதற்கு? கோயிலில் ஊரே கூடித் தின்னும் அசன விருந்துக்கும் சாவு விழுந்த துட்டிவீட்டுக்கும் கொடுத்துவிட்டால் அடுத்தவர் பாத்திரத்தோடு கலந்துபோகாமல் வீடு திரும்பவேண்டும், அதற்குத்தான். தவசீலி வீட்டுப் பாத்திரம் எங்கேயும் போகவில்லை, எதோடும் கலக்கவில்லை. அதனால் அவளுடைய ஒரே தட்டிலும் ஒரே டம்ளரிலும் பேர் கிடையாது.

பேர் வெட்டுகிறவர்கள் சொல்லைப் பார்க்கமாட்டார்கள், எழுத்தை மட்டும் பார்ப்பார்கள். சொல்லை வாசித்துக்கொண்டே வெட்டினால் கை முந்தி ஓடி ஓர் எழுத்தை முழுங்கிவிடும், எவர்சில்வரில் அழித்தெழுத வழியில்லை. சீட்டு எழுதும்போதும் தவசீலிக்கு அதே பழக்கம். அந்த டிசம்பரில், ஐயர் அடையாளத்துக்குக் காகிதம் வைத்துக் கொடுத்த வேதப்புத்தகத்தை மின்விசிறிக்குக் கீழே விரித்து இருநூற்றுப்பன்னிரண்டு சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, காற்றில் நாலைந்து தாள் புரண்டு, இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பேர்பேராக வரும் வம்ச அட்டவணையில் போய் நின்றது. ஊரில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. அது பாடமாக வரும் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவேண்டியவருக்குத் தவறாமல் தொண்டை கட்டிக்கொள்ளும். தவசீலி எழுத்தெழுத்தாகப் பார்த்து, ஒரு புள்ளி பிசகாமல், அழகாக எழுதி, மடித்துத் தாம்பாளத்தில் போட்டாள்.

எழுதினவளுக்குக் கடைசிச் சீட்டு என்பது முறை. எல்லாரும் எடுத்துத் தாம்பாளம் காலியானபின் ஒட்டிக்கிடந்த அந்த ஒன்றைப் பிரித்து அவள் சத்தமாக வாசித்தாள்.

"ஊலாமுடைய பிள்ளைகள் வில்லிலே கைதேர்ந்த பராக்கிரமசாலிகள். அவனுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரளாயிருந்தார்கள். மொத்தம் நூற்றைம்பதுபேர்."

கோயில் ஒரு மூச்சு அடங்கியிருந்தது, பிறகு வெடித்தது. பாடகர் குழு நாலு பாகமாகச் சிரித்தது, கீச்சுக்குரல்கள் முதலில், கட்டைக்குரல்கள் கடைசியில். ஆண்கள் பக்கம் டிராக்டர் கிளம்புகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"எக்கா," என்றாள் எப்சிபா, பக்கத்து வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நூத்தம்பது பிள்ளைக்கும் பேறுகாலம் பாக்க நம்ம ஊரு நர்சம்மா ஒருத்தியால ஆவுமா? இப்பமே சொல்லி வைக்காண்டாமா?"

"இது எழுத்துப்பிழை," என்று எழுந்தார் தேவாசீர்வாதம். "வேற நல்ல வசனமா ஒண்ணு எடுத்துக் குடுத்துருவோம். மினிட்ஸ்ல ஏத்திட்டாப் போச்சு."

ஐயர் இரண்டு கையையும் அகல விரித்தார். அவர் கை விரிந்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "பிரியமானவர்களே, ஜெபம்பண்ணி எடுத்த சீட்டை மாற்றுகிறதற்கு நான் யார்? நீங்கள் யார்?" கொஞ்சம் நிறுத்தி, "தேவாசீர்வாதம் யார்?"

தவசீலியும் சிரித்தாள், எல்லாரோடும் சேர்ந்து, யாருக்கும் குறையாமல். வீட்டுக்கு வந்து ஒரு தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு எந்த வழியாகப் போயிற்று என்று தெரியவில்லை. சீட்டை மடித்துச் சாமான் அலமாரியில் உப்புச்சாடிக்கு அடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் முற்றம் தெளித்துக்கொண்டிருந்தபோது முதல் ஆள் வந்தான். முழங்கால்வரை செம்மண், நெஞ்சுவரை தாடி, முதுகில் அம்புக்கூடு, கையில் ஆளுயர வில்.

"ஸ்திரீயே," என்றான், "தூரமாய் நடந்து இளைத்துப்போனேன், எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தாரும்."

"நீ யாருடே?"

"நான் பென்யமீன் கோத்திரத்தான், ஏசேக்கின் குமாரனாகிய ஊலாமின் குமாரன் சாசாக்."

தவசீலி வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சீட்டை எடுத்து ஒருதடவை, இந்தமுறை சொல்சொல்லாக, வாசித்துப் பார்த்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மத்தவங்க?"

"பின்னாலே வருகிறார்கள்."

மத்தியானத்துக்குள் ஏழுபேர் வந்தார்கள், செவ்வாய்க்கிழமை முப்பதுபேர், புதன்கிழமை பால்காரர் வரும் நேரத்துக்கு அவருக்கு முன்னால் பதினான்குபேர் பின்னால் இருபதுபேர், இப்படித் தேரிமேட்டிலிருந்து எறும்புச்சாரையாக இறங்கி இறங்கி, தாத்தா வயதில் சிலர், மீசை அரும்பினவர் சிலர், எல்லாருக்கும் ஒரே மூக்கு, இரண்டு வாரத்தில் முற்றம் நிறைந்து வேலிக்கு வெளியே வேப்பமரத்தடிவரை நூற்றுநாற்பத்தொன்பதுபேர் ஆனார்கள். வேதப்புத்தகத்துத் தமிழைத் தவிர வேறு தமிழ் அவர்களுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் அதையே கேட்டு வளர்ந்த ஊர் என்பதால் ஆறுதல்விளைக்கு அது ஒரு தொந்தரவாக இல்லை.

வேறு சில தொந்தரவுகள் இருந்தன. கோயிலில் ஆண்கள் பக்கம் இடம் பற்றாது என்பதால் அவர்களை வெளியே பந்தல் போட்டு உட்காரவைத்தார்கள். விருத்தசேதனம் ஆனவர்கள், ஞானஸ்நானம் ஆகாதவர்கள், இவர்களுக்கு நற்கருணை கொடுக்கலாமா கூடாதா என்று ஐயர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். முந்திய கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, அவர் அதற்கு முன்னால் ஒரு கடிதமும் எழுதவில்லை. வில்லை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை. குடை வைக்கிற இடத்தில் என்று தீர்ந்தது. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று நூல்பிடித்து விசாரிக்கிற பெரியவர்கள் ஒருநாள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார்கள். சாசாக் எழுந்து நின்று பதினைந்து தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பித்து, நடுவிலே ஒரு ராஜாவையும் காட்டிவிட்டு உட்கார்ந்தான். தங்கள் பூட்டன் பேருக்குமேல் போகத் தெரியாத பெரியவர்கள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப்போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள் பலகாரத்தோடு வர ஆரம்பித்தார்கள்.

அதற்குள் ஊருக்கு அவர்கள் இல்லாமல் ஆகாது என்று ஆகிவிட்டது. கடலைக்காட்டை உழுதுபோட்ட பன்றிகள் ஒரே வாரத்தில் ஊரைவிட்டு ஓடின. ஏறுவதற்கு ஆள் கிடைக்காத தென்னைகளில் காம்பைப் பார்த்து அடித்தால் ஒரு குலை விழும், கேட்ட குலை மட்டும் விழும். கோபுரத்து மணிக்கயிறு மேலே சிக்கிக்கொண்டபோது அம்பின் நுனியால் எடுத்துக்கொடுத்தார்கள். எப்சிபா அவசரத்துக்குக் கறிவேப்பிலை கேட்டால் நாலு வீடு தள்ளியிருக்கிற மரத்திலிருந்து ஒரு கொத்து அம்போடு வந்து அவள் அடுக்களை வாசல் நிலையில் குத்தி நிற்கும்.

"நல்ல பிள்ளைங்கதான்," என்பாள் எப்சிபா, அம்பைப் பிடுங்கி வேலிக்குமேல் நீட்டியபடி. "ஆனா ஏக்கா, எவனாவது ஒருத்தன் உன்னைய அம்மான்னு கூப்பிடுதானா? நானும் பாக்கேன், ஸ்திரீயே ஸ்திரீயேங்கானுவ. பஸ் ஸ்டாண்டுல கூப்பிடுத மாதிரி."

"அவங்க பழக்கம் அது," என்றாள் தவசீலி. அது அவளுக்கும் முள்தான்.

சோற்றுக்கு முறை வைத்தார்கள், தெருவுக்கு ஒருநாள். தட்டுக்கு, கோயில் அசன விருந்துத் தட்டுகளை இரவல் கொடுத்தார்கள். கலந்துபோகக்கூடாதே என்று தவசீலி மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊலாமின் குமாரன் சாசாக், ஊலாமின் பேரன் இன்னான் என்று தட்டுத்தட்டாக வெட்டினாள். கோயில் சொத்தில் அந்நியர் பேர் என்று தேவாசீர்வாதம் மூன்றுநாள் அவளோடு பேசவில்லை. முதல் தட்டுக்கு அவள் ஸ்டூலை விட்டு எழுந்து சாசாக்கிடம் ஓடிக் காட்டினாள். ஒரு பேரை வெட்டி, அந்தப் பேருக்குரிய ஆள் தன் முற்றத்திலேயே உட்கார்ந்து தின்பதைப் பார்ப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நூற்றுநாற்பத்தொன்பதும் முடிந்தபின் சாசாக் இன்னொரு தட்டை நீட்டினான். "இதிலே அகியோ என்று வெட்டும்."

"அது யாரு?"

"எங்களில் இன்னும் வராதவன்."

சாப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் தொகை சொல்வார்கள். சாசாக் ஒன்று என்பான், அடுத்தவன் இரண்டு என்பான், முற்றத்தைச் சுற்றி வேலியைத் தாண்டி வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பி நூற்றுநாற்பத்தொன்பதுவரை வரும். அதன்பின் சோற்றின்மேல் கையை நிறுத்தி எல்லாரும் ஒரு மூச்சு காத்திருப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். அகியோவின் தட்டில் எல்லாருக்கும் முதலில் சோறும் குழம்பும் வைத்திருக்கும். மூச்சு கழிந்ததும் தின்ன ஆரம்பிப்பார்கள். எழுந்தபின் அந்த ஒரு தட்டுச் சோற்றைக் கொட்டினால் கோழி கிட்டவந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ருசியை யாரோ எடுத்துக்கொண்டு போன சோறு அது.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே தவசீலி கேட்டாள். "உங்க அப்பா ஊலாம், அவரு எப்படி இருப்பாரு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரும் பெரிய வில்லாளியோ?"

"இல்லை," என்றான் சாசாக். "நாங்கள் யுத்தத்துக்குப் போனோம். அவர் வீட்டிலிருந்தார்."

"வீட்டுல இருந்து என்ன செஞ்சாரு?"

"எங்களைப் பெற்றார்."

"அது சரி. அதுக்குப் பொறவு?"

நூற்றுநாற்பத்தொன்பதுபேர் யோசித்தார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை அம்பு எய்தார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கடைசியில் நரைத்த ஒருவன், வேப்பமரத்தடியிலிருந்து, மெதுவாகச் சொன்னான்: "வராதவனுக்குத் தட்டு வைப்பார். நாங்கள் எல்லாரும் போயிருந்த வருஷத்திலே வீடு முழுக்கத் தட்டு வைத்து நடுவிலே அவர் ஒருவராய் உட்கார்ந்திருப்பாராம். வனாந்தரத்திலே அப்பம் தீர்ந்துபோன நாட்களிலும் எங்களுக்குப் பசித்ததில்லை. அது ஒரு புஸ்தகத்திலும் எழுதப்படவில்லை."

கீரைத்தண்டு தவசீலியின் கையில் அப்படியே இருந்தது. வீடு முழுக்கத் தட்டும் நடுவில் ஒருத்தருமாக அவளுக்கு அந்தப் படம் நன்றாகத் தெரிந்தது, எங்கேயோ பக்கத்து ஊரில் பார்த்த மாதிரி.

"இந்த அகியோ வந்தா என்ன செய்வீங்க?"

"நூற்றைம்பதும் நிறைவானால் புறப்படுவோம்."

"எங்க?"

"யுத்தத்துக்கு."

"யாருகூட?"

"அதுவும் எழுதப்படவில்லை," என்றான் சாசாக், ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

அன்றிலிருந்து தவசீலியின் ஜெபம் மாறிப்போயிற்று. அகியோ என்கிறவன் வழி தவறட்டும், தேரிமணலில் சுற்றிச்சுற்றி வரட்டும், நல்லபடியாக இருக்கட்டும் ஆனால் தூரமாக இருக்கட்டும் என்று முழங்காலில் நின்று கேட்டாள். அப்படிப்பட்ட ஜெபத்துக்கு ஆமென் சொல்லக் கூச்சமாயிருந்தது. சொல்லாமல் எழுந்துகொள்வாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒரு புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் கடலைக்காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், புறவாசலில் கொடிக்கயிறு அறுந்து விழுகிற சத்தம் கேட்டது. அவள் போய்ப் பார்த்தபோது ஈரச்சேலை ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், கட்டியிருந்த வெள்ளாட்டின் முன் குனிந்து பணிந்து நின்றான்.

"ஆண்டவனே," என்றான் ஆட்டிடம், "ஊலாமின் பிள்ளைகள் தங்குகிற வீடு இதுதானோ?"

அதே மூக்கு. முதுகில் அம்புக்கூடு, அதில் ஒரே ஒரு அம்பு. வில்லாளிகளின் வம்சத்தில் அவன் ஒருவனுக்குக் கண் மங்கல். கைநீட்டும் தூரத்துக்குமேல் உலகம் அவனுக்குப் புகைதான். அதனால்தான் எல்லாருக்கும் பின்னால் வந்துசேர்ந்திருக்கிறான்.

தவசீலி சேலையை எடுத்து உதறினாள். "அவங்க இல்ல," என்றாள். அந்த நிமிஷத்தில் அது உண்மை. "வருவாங்க. அதுவரைக்கும் இங்கன இரி." புறவாசலில் பனையோலை அடுக்கிவைக்கிற ஓலைப்புரைக்குள் அவனைக் கூட்டிப்போய்ப் பாய் விரித்துக்கொடுத்தாள். "வெளிய வராத என்ன. வெயிலு கண்ணுக்கு ஆவாது."

"உமது சொற்படியே ஆகட்டும், அம்மா," என்றான் அகியோ.

கதவைச் சாத்திவிட்டு அவள் அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றாள். நூற்றுநாற்பத்தொன்பது பேர் வந்து மூன்று மாசத்தில் வராத சொல், கண் தெரியாதவன் வாயிலிருந்து, வந்த கையோடு வந்துவிட்டது.

வழக்கம்போல அவர்கள் திரும்பிவந்து கைகழுவி உட்கார்ந்து தொகை சொன்னார்கள், ஒரு மூச்சு காத்திருந்தார்கள், தின்றார்கள். எல்லாரும் போனபின் அவள் ஒரு சட்டியில் சோறும் சாளைமீன் குழம்பும் போட்டுக்கொண்டு ஓலைப்புரைக்குப் போனாள்.

"வேண்டாம் அம்மா. வயிறு நிறைந்திருக்கிறது."

"என்னத்தத் தின்ன? நீதான் ஒண்ணுமே தின்னலியே."

"சோறு தின்றேன். குழம்பிலே சாளைமீன் இருந்தது. மாங்காய்த்துண்டு ஒன்று இருந்தது, புளிப்பாய்."

அகியோவின் தட்டில் மாங்காய்த்துண்டைப் போட்டது அவளேதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்துவிட்டாள்.

மறுநாள் அவன் கேட்டான்: "மத்தியானத்திலே எண்ணுகிற சத்தம் கேட்டதே, அது யார்?"

"அது... பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. வாய்ப்பாடு சொல்லுதாங்க."

அகியோ பக்கத்திலிருந்த ஓலையைத் தடவினான். "அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்குச் சாசாக்கின் சத்தம் இருக்கிறது," என்றான். அவன் குரலில் குற்றம் இல்லை. "நீர் வாய்ப்பாடு என்றால் அது வாய்ப்பாடுதான், அம்மா."

அப்படிப் பதினோரு நாள். காலையில் அவனுக்குக் காப்பி கொடுப்பாள், அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பான், அம்மா என்பான், வில்லில் தனக்கு ஒருதடவையும் குறி வாய்க்கவில்லை என்றும், ஒரு யுத்தத்தில் தன் அம்பு சொந்தப் பாளயத்துச் சமையல் பானையைத் துளைத்தது என்றும் சொல்வான், இரண்டுபேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முற்றத்தில் நூற்றுநாற்பத்தொன்பதுபேர், புறவாசலில் ஒருவன். இந்த ஒரு கதவு சாத்தியிருக்கும்வரை யாரும் எங்கும் போகமாட்டார்கள். அவளுக்குத் திங்கட்கிழமை உண்டு, செவ்வாய்க்கிழமை உண்டு, அடுத்த வருஷம்கூட உண்டு.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தொகை சொல்கிற நேரத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் புறவாசலுக்குப் போனபோதுதான் அதைக் கேட்டாள். முற்றத்தில் நூற்றுநாற்பத்தொன்பது என்று சொல்லி முடிந்தது. அந்த ஒரு மூச்சு அமைதி வந்தது. ஓலைப்புரைக்குள்ளிருந்து, ஓலைக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில், "நூற்றைம்பது" என்றான் அகியோ.

அதற்கப்புறம் எந்த நாளும் அந்த நேரத்தில் அவளால் அடுக்களைக்குள் நிற்க முடியவில்லை. முற்றத்தில் அவர்கள் அவனுக்காகக் காத்திருக்கிற ஒரு மூச்சும், புரைக்குள் அவன் அவர்களுக்குச் சொல்லுகிற ஒரு சொல்லும், நடுவில் அவள் வீட்டுச் சுவர் ஒன்று. இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்திலே கூட்டமும் இந்தப் பக்கத்திலே ஒருத்தியுமாக இருந்த சுவர் எது என்று அவளுக்குத் தெரியும். அதே சுவரைத் தான் கட்டி இன்னொருவனை இந்தப் பக்கம் உட்காரவைத்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்தபோது கையிலிருந்த அகப்பையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

குருத்தோலை ஞாயிறு. ஓசன்னா பாடிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்த நூற்றுநாற்பத்தொன்பதுபேரும் குருத்தோலையை அம்புக்கூட்டில் செருகிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஐயர், தேவாசீர்வாதம், எப்சிபா, பாதி ஊர் அன்றைக்கு அங்கேதான் சாப்பாடு. தொகை ஒன்றிலிருந்து கிளம்பி வேப்பமரத்தைச் சுற்றி வந்தது. நூற்றுநாற்பதைத் தாண்டும்போது தவசீலி புறவாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தாள்.

"அகியோ, எந்திரி. இன்னைக்குச் சத்தமாச் சொல்லு."

அவன் எழுந்து அவள் பக்கம், ஏறக்குறைய அவள் பக்கம், முகத்தைத் திருப்பினான். "சொன்னால் அவர்கள் புறப்பட்டுவிடுவார்களே, அம்மா. நானும் போகவேண்டுமே."

"தெரியும்டே. சொல்லு."

முற்றத்தில் நூற்றுநாற்பத்தொன்பது முடிந்தது. கைகள் சோற்றின்மேல் நின்றன. அகியோ வாயைத் திறந்தான். பதினோரு நாள் அடக்கின சத்தம் ஓலைப்புரையை உதறிக்கொண்டு வந்ததில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"நூற்றைம்பது!"

தவசீலி அவன் கையைப் பிடித்து அடுக்களை வழியாக நடத்திக்கொண்டுவந்து அவனுடைய தட்டின் முன்னால் உட்காரவைத்தாள். சாசாக் அவளைப் பார்த்தான்.

"ஸ்திரீயே, இவன் வந்து எத்தனை நாள்?"

"பதினோரு நாளு." அவள் தலை குனியவில்லை. "நான்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க போயிருவீங்கன்னு."

கூட்டத்தில் எப்சிபா ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜென்மத்தில் முதல் தடவையாகச் சொல்லாமல் விட்டாள்.

"அந்தப் பதினோரு நாளில் இவனுக்குப் பசித்ததோ?"

"இல்ல. ஒருநாளும் இல்ல."

"அப்படியானால் குற்றம் ஒன்றுமில்லை," என்றான் சாசாக். "எங்கள் தகப்பனுடைய வீட்டில் நடந்ததுபோலவே நடந்திருக்கிறது." அவர்கள் தின்ன ஆரம்பித்தார்கள்.

சாயங்கால ஆராதனை மணி அடிக்குமுன் புறப்பட்டார்கள். அவரவர் பேர் வெட்டின தட்டை அவரவர் கழுவி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கோயில் தட்டாயிற்றே என்று தேவாசீர்வாதம் ஒரு அடி முன்னால் வந்தார். ஐயர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டார். பெண் கொடுக்க இருந்தவர்கள் அழுதார்கள். தேரிமேட்டில் ஒற்றை வரிசையாக ஏறினார்கள், கடைசியில் அகியோ, முன்னால் போகிறவனின் வில்நுனியைப் பிடித்துக்கொண்டு. வளைவுக்கு வந்ததும் அவன் நின்று திரும்பி, அங்கே இருந்த மின்கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "போய்வருகிறேன், அம்மா" என்றான்.

தவசீலி நின்ற இடத்திலிருந்து விடுவிடென்று நடந்துபோய் அந்தக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டாள்.

"போய்ட்டு வா," என்றாள் அங்கிருந்து.

ஊர் சீக்கிரம் பழையபடி ஆயிற்று. ஈஸ்டர் முடிவதற்குள் பன்றிகள் திரும்பிவந்தன. கமிட்டியில் நூற்றைம்பது தட்டு, ஊலாம் வகையறா, என்று எழுதி அடியில் கோடு போட்டார்கள். மேலிடத்திலிருந்து ஐயருக்குப் பதில் வந்தது, நற்கருணை கொடுக்கலாம் என்று. எப்சிபா கறிவேப்பிலைக்கு மறுபடி நாலு வீடு நடந்தாள், வழி முழுவதும் முனகிக்கொண்டு.

அவர்கள் போன மறுநாள் திங்கட்கிழமை தவசீலி கடைக்குப் போகவில்லை. மத்தியானம் உலை வைத்து, பழக்கதோஷத்தில் அண்டாவைக் கழுவி, பிறகு அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஒரு சின்னச் சட்டியில் ஒருத்திக்குப் பொங்கினாள். தட்டை எடுக்கப் போனாள். தட்டு இல்லை.

உப்புச்சாடிக்குப் பின்னால் பார்த்தாள், கொடியடியில் பார்த்தாள், ஆட்டுத்தொட்டிக்குள் பார்த்தாள். வேலிக்குமேல் எட்டி, "எப்சிபா, எந் தட்டு உன் வீட்டுல இருக்கா?" என்று கேட்டாள்.

"எந்தத் தட்டு?"

"பேரு வெட்டாத தட்டு."

"ஒனக்கு அதொண்ணுதான உண்டு, அதைய நான் ஏன் எடுக்கேன்?"

வாழையிலைத் துண்டு ஒன்றை அறுத்துக்கொண்டுவந்து சோற்றை அதில் வைத்து முற்றத்தில் உட்கார்ந்தாள். நூற்றைம்பதுபேர் உட்கார்ந்த இடத்தில் மணல் இன்னும் குழிகுழியாக இருந்தது. ஒரு கவளம் எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள், முடியவில்லை. வயிறு நிறைந்திருந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட இறங்காத வயிறு, விருந்து தின்ற மாதிரி, கம்மென்று நிறைந்திருந்தது. நாக்கில் ஒரு ருசி, வறுத்த ஏதோ தானியம், அடுப்புப்புகை, உப்பில் ஊறின ஒரு காய். அவள் பிறந்த நாளிலிருந்து தின்று பார்க்காத ஒரு கசப்புக் காய்.

கவளத்தை இலையில் திரும்ப வைத்தாள்.

தேரிமேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதடு அசையாமல், ஒன்றிலிருந்து எண்ணினாள், சாசாக்கிலிருந்து தொடங்கி, மூக்கு மூக்காக, வேலியைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றி, நரைத்தவனைக் கடந்து, நூற்றுநாற்பத்தொன்பது, அகியோ, நூற்றைம்பது. அதன்பின் அந்த ஒரு மூச்சு அமைதி வந்தது, எங்கேயோ கைகள் சோற்றின்மேல் நிற்கிற அமைதி.

தவசீலி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நூற்றைம்பத்தொண்ணு," என்றாள், சத்தமாக.